காகிதப்பூவும் ஒரு சாண் குச்சியும்

ஸ்ரீவில்லிபுத்தூரிலே போய்ப் பூவைப் பற்றிப் பேசுவது, கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போவது போன்ற காரியம். பெரியாழ்வார் நந்தவனம் வைத்துத் துளசியும் பூவும் வளர்த்து மாலை கட்டிய ஊர் அது. அந்த மாலையைப் பெருமாளுக்கு முன்பாகத் தானே சூடிப் பார்த்த பெண்ணைத் தெய்வமாகக் கொண்டாடும் ஊர். ஆண்டாள் சூடிய மாலை இன்றைக்கும் புரட்டாசியில் திருமலைக்கும், சித்திரையில் வைகையில் இறங்கும் கள்ளழகருக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரிலே, வாசனை என்பது மருந்துக்கும் இல்லாத, சுவாமிக்குச் சாத்தாத, பெண்கள் கூந்தலில் ஏறாத ஒரு பூவுக்காக நாம் வக்காலத்து வாங்க வந்திருக்கிறோம். நேயர்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டு மேலே படிக்க வேண்டும் என்பதே நம்முடைய விண்ணப்பம்.

காகிதப்பூ என்று அதற்குப் பெயர் வைத்ததிலேயே கொஞ்சம் ஏளனம் கலந்திருக்கிறது. காகிதத்திற்கு மணம் ஏது, உயிர் ஏது? ஆனால் பெயர் வைத்தவர் தம்மை அறியாமலே ஓர் உண்மையையும் சொல்லிவிட்டார். சிவப்பாகவும் ஊதாவாகவும் வெள்ளையாகவும் நம் கண்ணைப் பறிக்கும் அந்த மூன்று மெல்லிய மடல்கள் பூவே அல்ல. அவை நிறம் மாறிய இலைகள். அந்த மூன்று இலைகளின் நடுவே, சிறு குழல்களைப் போல வெளுப்பாக மூன்று இருக்கின்றனவே, அவைதாம் வாஸ்தவமான பூக்கள். தாம் சிறியவராக இருந்துகொண்டு, வாசலில் பெரிய பந்தல் போட்டு வண்டையும் வண்ணத்துப்பூச்சியையும் அழைக்கும் சாமர்த்தியம் அது. மாலையில் மலரும் அந்திமந்தாரையும், நம் வயல் வரப்பில் கீரையாகப் பறிக்கும் மூக்கிரட்டையும் இதற்குப் பங்காளிகள். தாவர நூலார் மூன்றையும் ஒரே குடும்பத்தில் சேர்த்திருக்கிறார்கள். ஆகவே முற்றிலும் அந்நியச் செடி என்று தள்ளிவிடுவதற்கும் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் ராஜபாளையம். ராஜபாளையம் என்றதும் பலருக்குப் பஞ்சாலை ஞாபகம் வரும், சிலருக்கு மாம்பழம், அநேகமாக எல்லோருக்கும் அந்த வெள்ளை நாய். மதிலைக் காப்பதில் அந்த நாய்க்குக் காகிதப்பூ இளைத்ததல்ல. அதன் முள்ளில் ஒரு தடவை கை வைத்தவன் மறு தடவை வாசல் வழியாகத்தான் வருவான்!

இரண்டு ஊர்களுக்கும் மேற்கே மலைத்தொடர் எழுந்து நிற்கிறது. கிழக்கே போகப் போகக் கரிசல் காடு. இடையிலே ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி வருஷத்தை ஓட்ட வேண்டிய பூமி. பங்குனி பிறந்துவிட்டால், குழாயில் முறை வைத்து வரும் தண்ணீரைக் குடத்தில் பிடித்து, அண்டாவில் நிரப்பி, அதிலே ஒரு செம்பு செடிக்கு ஊற்றலாமா என்று வீட்டுப் பெண்கள் யோசிக்கும் காலம் வந்துவிடுகிறது. மல்லிகைக்கும் ரோஜாவுக்கும் கோடையில் தண்ணீரைத் தவற விட முடியாது. பத்து நாள் வெளியூர் போய்த் திரும்பினால் தொட்டியில் விறகுதான் இருக்கும். காகிதப்பூவின் சுபாவமே வேறு. வேரூன்றிவிட்ட செடிக்குத் தண்ணீர் மிகுந்தால் இலையாகக் கொழிக்கும். சற்றுத் தாகம் எடுத்தால்தான் பூக்கும். தண்ணீர் இல்லாத வீட்டுக்கென்றே ஒரு பூ உண்டானால் அது இதுதான். ஆண்டாளுக்கு ஆகாவிட்டால் என்ன? ஆண்டாள் ஊரின் வெயிலுக்கு ஆகிறதே!

நெடுஞ்சாலைகளின் நடுவே அரளியோடு சேர்த்து இதை நடுகிறவர்கள் இந்தக் கணக்கை நன்றாக அறிந்தவர்கள். லாரிப் புகையிலும் உச்சி வெயிலிலும் பூத்து நிற்க வேறு எந்தச் செடி சம்மதிக்கும்?

இனி, செடியைச் சம்பாதிக்கும் வழி. நாற்றுப் பண்ணையில் பூவோடு நிற்கும் தொட்டியைக் காட்டி விலை சொல்லுவார்கள். கொடுக்க முடிந்தவர்கள் கொடுத்து வாங்கட்டும். நமக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அதே செடி எதிர்வீட்டு மதிலில் பத்து வருஷமாகச் சாய்ந்து கிடக்கிறது. தெருவை அடைக்கிறது என்று அந்த வீட்டுக்காரர் வருஷத்துக்கு ஒருமுறை வெட்டிக் குப்பையில் போடுகிறார். அந்தக் குப்பையில் ஐம்பது செடி கிடக்கிறது என்பதை அவரும் நினைப்பதில்லை, நாமும் நினைப்பதில்லை.

குச்சியிலிருந்து செடி உண்டாக்குவது தமிழனுக்குப் புதிய வித்தையா? முருங்கைக் கிளையை ஒடித்து நட்டவர்கள் நாம். வேலிக்குக் கிளுவையும் பூவரசும் போத்து வைத்தே வளர்த்தோம். கரும்புக்குக் கரணை, வெற்றிலைக்குக் கொடித்துண்டு. குண்டு மல்லிகைக்கு விதை என்று ஒன்றைக் கண்டவர் யார்? ராமேசுவரம் தீவில் தங்கச்சிமடத்துப் பக்கம் மணலில் குச்சி நட்டு வேர்விடச் செய்த கன்றுகள்தாம் ஊர் ஊராகப் போய் மல்லிகைத் தோட்டங்கள் ஆகின்றன. அவ்வளவு ஏன், ஆண்டாளின் கையில் தினந்தோறும் புதிதாகச் செய்து வைக்கும் கிளியைப் பாருங்கள். அதன் உடல் மரவள்ளி இலை. மூக்கு மாதுளம் பூ. மரவள்ளியை விதை போட்டு யாரும் பயிரிடுவதில்லை. தண்டை வெட்டி நடுகிறார்கள். மாதுளையையும் குச்சியாகவோ பதியமாகவோதான் பெருக்குகிறார்கள். அந்தக் கிளியே குச்சியில் பிறந்த கிளி!

விதையில் வருவதற்கும் குச்சியில் வருவதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. விதையில் வருவது குழந்தை. தாய் மாதிரியும் இருக்கலாம், பாட்டி மாதிரியும் இருக்கலாம். குச்சியில் வருவது குழந்தையல்ல. அதே செடிதான், வேறோர் இடத்தில் தொடர்ந்து வாழ்கிறது. எதிர்வீட்டுச் செடி குங்கும நிறமானால் நம் வீட்டிலும் அதே குங்குமம். ஒரு சாயல்கூட மாறாது. நம் வீடுகளில் நிற்கும் காகிதப்பூவில் பெரும்பாலும் விதை பிடிப்பதும் இல்லை. ஆகவே ஒரு நல்ல ரகம் உலகத்தில் நிலைப்பதும் அழிவதும், யாராவது ஒருவர் குச்சி வெட்டி வைத்தாரா என்பதைப் பொறுத்தே இருக்கிறது.

இதற்கு ரசமான திருஷ்டாந்தம் ஒன்று உண்டு. 1910-ஆம் வருஷத்தில் தென் அமெரிக்காவில் கொலம்பியா தேசத்துக் கார்த்தஹீனா நகரத்துத் தோட்டம் ஒன்றில் பட் என்ற ஆங்கிலேயச் சீமாட்டி ஒரு காகிதப்பூச் செடியைக் கண்டார். அதுவரையில் தோட்டக்காரர்கள் பெரிதும் அறிந்திருந்தது ஊதா நிறம். இதுவோ நல்ல இரத்தச் சிவப்பு. அதை அவர் திரினிதாத் தீவுக்குக் கொண்டு போனார். அங்கிருந்து குச்சி குச்சியாகப் பூமியைச் சுற்றி வந்துவிட்டது. ‘மிஸஸ் பட்’ என்ற அவருடைய பெயரே ரகத்தின் பெயராகவும் நின்றுவிட்டது. ஒரு பெண்மணி ஒரு தோட்டத்தில் நின்று பார்க்காமல் போயிருந்தால் அந்தச் சிவப்பை நாம் இழந்திருப்போம்.

இன்னொன்று நம் தேசத்திலேயே நடந்தது. சென்ற நூற்றாண்டின் நடுவிலே கல்கத்தா தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டத்தில் ஒரு செடியின் கிளை மட்டும் தன் குணம் மாறி, ஒரே கொம்பில் வெள்ளையும் ரோஜா நிறமுமாகப் பூத்தது. அந்தக் கிளையை வெட்டிப் பெருக்கினார்கள். ‘மேரி பால்மர்’ என்று பெயர். இன்று உலகத்தில் எங்கே மேரி பால்மர் பூத்தாலும் அது அந்தக் கல்கத்தாக் கிளைதான். இப்படிப்பட்ட ரகங்கள் நூற்றுக்கணக்கில் ஆகிவிடவே, பெயர்கள் குழம்பாமல் பதிவு செய்து வைக்கும் பொறுப்பு, உலகம் முழுவதற்குமாகச் சேர்த்து, 1966-இல் புதுடில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தினிடம் வந்தது. பிரேசில் நாட்டுச் செடிக்கு டில்லியில் ஜாதகம் எழுதுகிறார்கள்!

பிரேசில் என்றதும் அதன் பூர்வ கதையையும் சொல்லிவிடலாம். பூகன்வீல் என்ற பிரெஞ்சுத் தளபதி 1766-இல் கப்பலேறி உலகத்தைச் சுற்றிவரப் புறப்பட்டார். கப்பலில் கொமர்சன் என்ற தாவர சாஸ்திரி. 1767-இல் ரியோ டி ஜெனிரோவில் இறங்கியபோது இந்தச் செடி அவர்கள் கண்ணில் பட்டது. தளபதியின் பெயரைச் செடிக்கு வைத்தார்கள். 1789-இல் அந்தப் பெயர் புத்தகத்தில் ஏறியது. ஆனால் கொமர்சனுக்கு உதவியாளாக ஆண் வேஷத்தில் ஒரு பெண் வந்திருந்தாள். ழான் பாரே என்று பெயர். பெண்களுக்குக் கப்பலில் இடம் இல்லாத காலம் அது. காட்டில் அலைந்து செடி சேகரித்த பாரத்தில் பெரும்பங்கு அவளுடையது. காகிதப்பூவை முதலில் பறித்துக் கொண்டு வந்தவளே அவளாக இருக்கலாம் என்று சிலர் கருதுகிறார்கள். உலகத்தைச் சுற்றி வந்த முதல் பெண் என்ற கீர்த்தி பிற்காலத்தில் அவளுக்குக் கிடைத்தது. செடியின் பெயர் மட்டும் தளபதிக்கே நின்றுவிட்டது.

கதை போதும். கத்தரிக்கோலை எடுப்போம்.

முதலில் காலம். ‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்பது விதைக்குச் சொன்னது. குச்சிக்கு ஆடிக் காற்று ஆகாது. வேரில்லாத குச்சியில் இருக்கிற ஈரத்தையும் அது உறிஞ்சிவிடும். சித்திரை, வைகாசி வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆவணி, புரட்டாசியும், அடைமழை ஓய்ந்த பிறகு கார்த்திகைக் கடைசி முதல் தை வரையிலும் இந்தப் பக்கத்துக்கு ஏற்ற காலம் என்பது நம் அபிப்பிராயம். செடி பூத்து ஓய்ந்த சமயமாக இருந்தால் இன்னும் நல்லது. பூ நிறைந்து நிற்கும் கிளை தன் சேமிப்பையெல்லாம் கலியாணச் செலவில் விட்ட குடும்பம் போன்றது. அதிலே வேருக்கு மிச்சம் இராது.

குச்சி பென்சில் கனம் இருக்க வேண்டும். பச்சையாக வளையும் இளந்தளிர் அழுகும். பட்டை வெடித்த கிழக் கொம்பு வேர்விடத் தயங்கும். இரண்டுக்கும் நடுவயதாக, சாம்பல் பூத்த பழுப்பு நிறத்தில் உள்ளதைத் தேர்ந்தெடுக்கவும். நகத்தால் கீறினால் உள்ளே பச்சை தெரிய வேண்டும். ஒரு சாண் நீளம், நாலு கணு. அடிப்பக்கத்தைக் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகவும், மேல்பக்கத்தைக் கணுவுக்கு அரை அங்குலம் மேலே நேராகவும் வெட்டவும். சாய்வு அழகுக்கு அல்ல. எது அடி, எது தலை என்பது மறந்துபோகாமல் இருப்பதற்கும் அது உதவும். குச்சியைத் தலைகீழாக நட்டவர்கள் உண்டு. வேர் விடும்படி தூண்டும் சத்து நுனியிலும் மொட்டுகளிலும் பிறந்து கீழ்நோக்கியே இறங்குகிறது. குச்சியை நாம் புரட்டி வைத்ததற்காக அது தன் வழியைப் புரட்டிக்கொள்ளாது. இலைகளை எல்லாம் கிள்ளிவிடலாம். மண்ணுக்குள் போகும் பாகத்தில் உள்ள முட்களையும் நறுக்கிவிட்டால் விரல் தப்பும்.

அந்தத் தூண்டு சத்தைத்தான் இப்போது பொடியாகச் செய்து விதைக் கடைகளில் வேர் ஊக்கி என்று விற்கிறார்கள். காகிதப்பூ பிடிவாதக்காரச் செடியாதலால் இந்தப் பொடி உண்மையிலேயே உதவுகிறது. குச்சியின் அடியை ஈரமாக்கி, பொடியில் தொட்டு, மிகுந்ததைத் தட்டிவிட்டு வைத்தால் போதும். தேன், சோற்றுக்கற்றாழைச் சாறு, பட்டைத் தூள் என்று வீட்டுக்கு வீடு ஒரு வைத்தியம் சொல்லுவார்கள். தீங்கில்லை. ஆனால் அவற்றால்தான் வேர் வந்தது என்று அடித்துச் சொல்ல நாம் தயாராக இல்லை. பொடி கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். ஐந்து குச்சி வைக்கிற இடத்தில் பத்து வைத்தால் சரியாகிவிடும்.

மண்தான் முக்கியம். நம் கரிசல் மண்ணின் பெருமை பருத்திக்கு. குச்சிக்கு அது எமன். தண்ணீரைப் பிடித்தால் விடாது. காய்ந்தால் கல்லாகி வெடிக்கும். குச்சியின் அடி காற்றில்லாமல் கறுத்து அழுகிவிடும். மலையோரத்துச் செம்மண் ஒரு பங்கு, பருமணல் இரண்டு பங்கு என்று கலந்தால் போதும். எரு இப்போது வேண்டாம். வேரில்லாதவனுக்கு விருந்து எதற்கு? தென்னந்தோப்புப் பக்கம் இருப்பவர்கள் மணலோடு பாதிக்குப் பாதி நார்க்கழிவு சேர்க்கலாம். அதை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி உப்பை வெளியேற்றிவிட்டுச் சேர்க்க வேண்டும். கழுவிய பால் உறையில் நாலு பக்கமும் அடியிலும் துளை போட்டு மண்ணை நிரப்பினால் செலவில்லாத தொட்டி ஆயிற்று. ஒரு உறைக்கு ஒரே குச்சி. ஏன் என்பதைப் பிறகு சொல்லுகிறோம்.

மண்ணில் முதலில் வேறோர் ஈர்க்கால் குழி செய்துகொண்டு குச்சியை இறக்கவும். அப்படியே குத்தினால் தொட்ட பொடியெல்லாம் மேலேயே உதிர்ந்துவிடும். இரண்டு கணு உள்ளே, இரண்டு கணு வெளியே. சுற்றிலும் விரலால் அழுத்தி, கீழே ஒழுகும் வரையில் ஒருமுறை தண்ணீர் ஊற்றி, தலையில் சிறிது சாணியோ மெழுகோ தடவி, வேப்பமர நிழலிலோ தாழ்வாரத்திலோ வைத்துவிடவும். வெளிச்சம் வேண்டும், வெயில் கூடாது. காற்று வறண்டிருக்கும் நாட்களில் கண்ணாடி போன்ற பை ஒன்றைக் கவிழ்த்து மூடி, இரண்டு நாளைக்கு ஒருமுறை திறந்து காற்றாட விட்டால் நல்லது. மேல் மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர் தெளிக்கவும். தாகத்தால் செத்த குச்சிகளைவிடத் தண்ணீரால் செத்த குச்சிகளே அதிகம்.

பதினைந்து இருபது நாளில் ஓர் அதிசயம் நடக்கும். கணுவில் பச்சை மொட்டு வெடித்து இரண்டு குட்டி இலைகள் எட்டிப் பார்க்கும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே ஆனந்தம். ‘பிடித்துவிட்டது!’ என்று எதிர்வீட்டுக்குச் சொல்லி அனுப்பி, தொட்டியை வெயிலில் தூக்கி வைத்துவிடுவார்கள். அடுத்த வாரம் இலை தலை தொங்கி, அதற்கு அடுத்த வாரம் குச்சி காய்ந்துபோகும். ‘நம் கைக்குச் செடி வராது’ என்ற முடிவுக்கு எத்தனையோ நல்ல கைகள் வந்தது இப்படித்தான். இராசி குற்றம் செய்யவில்லை. அந்த முதல் இலை, குச்சிக்குள் ஏற்கெனவே இருந்த மாவுச் சேமிப்பைத் தின்று வந்த இலை. அப்போது கீழே வேர் ஒன்றும் இல்லை. வெட்டுவாயில் புண் ஆறிய தழும்பு மாதிரி ஒரு திரட்சி உண்டாகியிருந்தால் அதுவே பெரிது. வேர் அதற்குப் பின்னர்தான். இலை சொல்லுவதை நம்பாமல் இன்னும் நாற்பது நாள் பேசாமல் இருக்கத் தெரிந்தவருக்குத்தான் காகிதப்பூ வசப்படும்.

வேர் வந்ததா என்று குச்சியைப் பிடுங்கிப் பார்ப்பது இன்னொரு பழக்கம். குழந்தைகள் செய்தால் மன்னிக்கலாம், பெரியவர்களே செய்கிறார்கள். காகிதப்பூவின் இளவேர் நூலைவிட மெல்லியது, கண்ணாடியைப்போல் ஒடிவது. ஒருமுறை அசைத்தால் ஒரு மாதத்து வேலை போயிற்று. எட்டு வாரம் முதல் மூன்று மாதம் வரையில் ஆகலாம். இலைகள் இரண்டாம் தடவையாக விறுவிறுவென்று நீண்டு, உறையின் துளையில் வெள்ளை வேர் தலை நீட்டும்போது அதுவாகவே செய்தி சொல்லும். பத்தில் நாலைந்து பிழைத்தால் நல்ல கை என்றே சொல்லலாம்.

பெயர்த்து நடும்போதும் அந்த வேரின் குணத்தை மறக்கக் கூடாது. ஒரு உறைக்கு ஒரே குச்சி என்றோமே, அது இதற்காகத்தான். பல குச்சிகளை ஒரே தொட்டியில் வைத்தால் பிரிக்கும்போது வேரெல்லாம் அறுந்துவிடும். பால் உறையைப் பிளேடால் கீறி, தண்டைப் பிடித்து இழுக்காமல், மண் கட்டியோடு உள்ளங்கையில் ஏந்தி, பெரிய தொட்டியிலோ மதிலோரக் குழியிலோ இறக்கவும். இப்போது மக்கிய சாணி எரு சேரலாம். ஒரு வாரம் அரை நிழல். பிறகு முழு வெயில். நிழலில் வைத்து வளர்க்கிறவர்கள் இலையைத்தான் காண்பார்கள்.

சில ரகங்கள், முக்கியமாக இலையில் வெள்ளை படர்ந்தவை, குச்சிக்கு எளிதில் மசியா. அவற்றுக்குப் பதியம் போடலாம். தாயோடு ஒட்டியிருக்கும் கிளையிலேயே ஓர் அங்குலப் பட்டையை வளையமாக உரித்து, ஈர நார்க்கழிவை வைத்துப் பையால் சுற்றி இறுகக் கட்டிவிட்டால், வேர் விட்ட பிறகு அறுத்துக்கொள்ளலாம். தாய் ஊட்டிக்கொண்டே இருப்பதால் பயம் குறைவு. ஒரு கிளைக்கு ஒரு செடிதான் கிடைக்கும் என்பதே குறை.

நட்ட செடி அடுத்த பருவத்திலேயே பூக்கத் தொடங்கலாம். புதுத் தளிரின் நுனியில்தான் பூ வருமாதலால், ஒவ்வொரு தடவையும் பூத்து ஓய்ந்ததும் கொம்பைக் கழிக்க வேண்டும். அப்போது நம் வீட்டு வாசலிலும் குச்சி குவியும். கேட்கிறவர்களுக்குக் கொடுக்குமுன் ஒரு ஜாக்கிரதை: இலையும் பூவும் போன பிறகு சிவப்பும் வெள்ளையும் ஊதாவும் ஒரே மாதிரிதான் இருக்கும். கழிக்கும்போதே சிவப்புக்குச் சிவப்பு நூல், வெள்ளைக்கு வெள்ளை நூல் என்று கட்டுக் கட்டாகக் கட்டி வைத்துவிடுங்கள். ராஜபாளையத்தில் நூலுக்கா பஞ்சம்?